எடைக்கு எடை வெல்லம்

நான் என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் பதினான்கு கிலோ இளைத்திருக்கிறேன். அந்தப் பதினான்கு கிலோவும் பொன்னி அரிசி.

இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கடைசியில் நான் ஏதோ உத்தமி போலத் தெரிவேன். என் தங்கை ரேவதி இதைப் படித்துவிட்டு போன் போட்டுச் சிரிப்பாள். (அந்த அரிசியைத் தோளில் சுமந்தவள் அவள்தான். சிரிக்க உரிமை உண்டு.)

எனக்குப் பூங்கொடி என்று பெயர். பெயர் வைத்தபோது நான் பதினாறு நாள் குழந்தை, பிற்பாடு இப்படி ஆகும் என்று யாருக்குத் தெரியும். பாப்பாரப்பட்டியில் வளர்ந்தேன், லேப் டெக்னீசியன் படித்தேன், பென்னாகரத்தில் ஒரு தனியார் லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலைக்குப் போனேன். இருபத்தேழு வயதில் என் எடை எண்பத்தெட்டு கிலோ. அந்த எண்பத்தெட்டில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. குண்டான பெண் என்றால் கண்ணாடி முன்னால் நின்று தினமும் ஒரு மூச்சு அழுதாக வேண்டும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. நான் நன்றாகச் சாப்பிட்டேன், படுத்ததும் தூங்கினேன், லேப்பின் இரண்டு மாடியையும் நிற்காமல் ஏறினேன். என் ரத்தத்தை நானே எடுத்து நானே சோதித்துக்கொள்வேன் (ஓசிதானே). சர்க்கரை, கொழுப்பு எல்லாம் ஒழுங்காக வரும். ஊசியைப் பார்த்ததும் மயங்குகிற ஆட்களை ஒரே கையில் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைப்பேன். இந்த உடம்பு எனக்குச் சௌகரியமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

சௌகரியப்படாதது அம்மாவுக்கு. பெண் பார்க்க வந்த மூன்று குடும்பம் வரிசையாக 'வூட்டுக்குப் போயி பேசிட்டுச் சொல்றம்' என்று போனவர்கள்தான். மூன்றாவது குடும்பத்தில் ஒருவர் வாசலிலேயே, "பொண்ணு நல்ல பொண்ணுதாங்க. கொஞ்சம் கம்மியா இருந்தா தேவல" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அந்த இரண்டு நாளில் அவள் ஒரு காரியம் செய்திருக்கிறாள். அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, தெரிந்தபோது தலைக்கு மேல் போயிருந்தது.

நான்காவதாக வந்தவர்தான் சரவணன். அரூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். ஆள் ஒல்லி. வந்து உட்கார்ந்ததிலிருந்து தலை நிமிரவே இல்லை, தரையில் எதையோ தொலைத்தவர் மாதிரி கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பஜ்ஜித் தட்டை நீட்டியபோது மட்டும், "நீங்க சாப்டலீங்களா?" என்று கேட்டார். அதற்கு முன்னால் வந்த மூன்று பேரும் நான் எவ்வளவு சாப்பிடுவேன் என்று மனசுக்குள் கணக்குப் போட்டவர்கள். சாப்பிட்டேனா என்று கேட்ட முதல் ஆள் இவர். எனக்கு இவரைப் பிடித்துப்போனது. வேறு யாரையும் வேண்டாம் என்று தோன்றுகிற அளவுக்குப் பிடித்துப்போனது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அவருடைய அம்மாவை நான் அன்றிலிருந்தே அத்தை என்றுதான் கூப்பிட்டேன். கணவரை இழந்து, தனியாக மகனை ஆளாக்கியவர். குரலை உயர்த்த மாட்டார், நினைத்ததை விடவும் மாட்டார். ஐப்பசியில் நிச்சயதார்த்தம். அவர்கள் கொண்டுவந்த வரிசைத் தட்டுகளில் புடவை இருந்தது, பூ இருந்தது, பழம் இருந்தது, ஒன்பதாவது தட்டில் நான்கு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்து ஒரு எடை மெஷின் இருந்தது.

"தப்பா நெனச்சுக்காத கண்ணு" என்றார் அத்தை. "எனக்கொண்ணும் இல்ல. மேடையில ரெண்டு பேரும் நின்னா பாக்கறவங்க பேசுவாங்க. தையிலதான கல்யாணம், வாரத்துக்கு ஒரு கிலோ கொறச்சாப் போதும். ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை மெஷின்ல நின்னு ஒரு போட்டோ புடிச்சு அனுப்பு. இப்ப எவ்ளோ இருக்கற?"

நான் வாயைத் திறந்தேன். எண்பத்தெட்டு என்று சொல்லத்தான் திறந்தேன்.

"எம்பத்தி நாலு அத்த."

நாலு கிலோதானே என்று நினைத்தேன். பொய்யில் சின்னது பெரியது என்று உண்டா. சொன்ன பிறகு, முதல் ஞாயிற்றுக்கிழமை மெஷினில் ஏறினால் அது எண்பத்தெட்டரை காட்டியது. நிச்சயதார்த்தப் பலகாரம் மிச்சம் இருந்த வாரம் அது. அனுப்ப முடியாது. அனுப்பாமலும் இருக்க முடியாது. ரேவதியைக் கூப்பிட்டேன்.

ரேவதி ஐம்பத்தொன்பது கிலோ. அவள் தோளில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை ஏற்றி மெஷினில் நிறுத்தினால் சரியாக எண்பத்து நாலு. அம்மா கறி வாங்கப் போன நேரமாகப் பார்த்து, பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, நான் அவள் இடுப்புக்குப் பக்கத்தில் குனிந்து, மேலிருந்து பார்ப்பது போல போட்டோ எடுப்பேன். படத்தில் எண்ணும் இரண்டு பாதமும் மட்டும்தான் தெரியும். இரண்டு பேரும் ஒரே நிறத்தில் நகப்பூச்சு போட்டுக்கொண்டோம். அடுத்த வாரம் மூட்டையிலிருந்து ஒரு கிலோ அரிசியை எடுத்து டிரம்மில் கொட்டினோம். எண்பத்து மூன்று. அதற்கு அடுத்த வாரம் இன்னொரு கிலோ.

"அக்கா, நீ எளைக்க எளைக்க எனக்குத் தோளு வலி கொறையுது" என்பாள் ரேவதி.

அத்தை ஒவ்வொரு வாரமும் கட்டைவிரல் படம் அனுப்புவார். அதோடு கொள்ளுப்பொடி அரைத்து, அரூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவார். அதைக் கொண்டு அம்மா வைத்த கொள்ளு ரசம் பிரமாதமாக இருக்கும். நான் நெய் விட்டுப் பிசைந்து இரண்டு கை சோறு கூடச் சாப்பிட்டேன்.

இதில் என்னை இன்றைக்கும் யோசிக்க வைப்பது வேறொன்று. அம்மா அந்தப் போட்டோக்களை எல்லோரிடமும் காட்டினாள். காட்டிய பிறகு ஊரே என்னை ஒல்லியாகப் பார்க்க ஆரம்பித்தது. "கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சே", "ஜாக்கெட்டு தொளதொளன்னு ஆயிருக்குமே" என்று பஸ் ஸ்டாப்பில் கேட்டார்கள். அந்த ஜாக்கெட்டின் கொக்கிகளை மாட்ட அன்று காலையில் ரேவதியும் நானும் பத்து நிமிடம் போராடியிருந்தோம். தை பிறந்து பத்து நாள் ஆனபோது போட்டோவில் நான் எழுபது. நிஜத்தில் தொண்ணூற்றொன்றரை.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை சாயங்காலம், அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "வெள்ளிக்கெழம காலையில லீவு போட்டுரு. கரட்டு மேல முருகன் கோயிலுக்குப் போவணும்."

"என்னாத்துக்கு?"

"வேண்டுதல். அந்த மூணாவது ஆளுங்க போனப்ப வேண்டிக்கிட்டன். எம் பொண்ணுக்குக் கல்யாணம் கூடுச்சுன்னா தராசுல உக்கார வச்சு எடைக்கு எடை வெல்லம் தர்றன்னு. எழுவது கிலோ சொல்லியாச்சு. சம்மந்தியம்மாவும் மாப்பிள்ளையும் வர்றாங்களாம்."

எங்கள் பக்கத்துத் துலாபாரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோயிலில் ஆளைவிட உயரமான இரும்புத் தராசு தொங்கும். ஒரு தட்டில் வேண்டுதல்காரர் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். அடுத்த தட்டில் வெல்லத்தை அடுக்குவார்கள். இரண்டு தட்டும் சமமாகி, உட்கார்ந்த ஆள் தரையை விட்டு எழும்பினால்தான் வேண்டுதல் நிறைவு. அதற்கு முன்னால் எழுந்திருக்கக் கூடாது, எழுந்தால் வேண்டுதல் பாதியில் விட்ட கணக்கு. எழுபது கிலோ வெல்லத்துக்கு எதிரே நான் உட்கார்ந்தால் எழும்பப் போவது வெல்லம்தான்.

"அம்மா, சாமி காரியம். ஒரு சிப்பம் கூடவே வாங்கிடலாம்மா" என்று பார்த்தேன்.

"கூட வாங்கி என்னா பண்றது? சாமிக்குன்னு சொன்ன வெல்லத்த வூட்டுக்குத் திருப்பி எடுத்தாரக் கூடாது. வேண்டுனது வேண்டுனபடி. அதான் போட்டோவுல எழுவதுன்னு தெளிவா இருக்குதே."

அவளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அத்தையிடம் சொல்வாள். மறைக்கத் தெரியாதவள் அவள். கல்யாணம் நின்றுவிடும். சரவணன் தலையைக் குனிந்தபடியே போய்விடுவார். நான் சொல்லவில்லை. மாறாக, இரண்டு நாளில் இருபத்தொன்றரை கிலோ குறைப்பது என்று முடிவெடுத்தேன் (படித்த பெண், மருத்துவத் துறை). புதன் ராத்திரியிலிருந்து சோறில்லை. வியாழன் முழுக்கச் சுடுதண்ணீர். லேப்பில் பசி மயக்கத்தில் ஒரு பெரியவருக்கு நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்தினேன். வியாழன் சாயங்காலம் மெஷினில் ஏறினேன். தொண்ணூறு. ஒரு ராத்திரியும் ஒரு பகலும் உயிரை விட்டதற்கு ஒன்றரை கிலோ.

"வெல்ல மூட்டைக்குள்ள அம்மிக் கொழவிய வச்சுரலாமா?" என்றாள் ரேவதி.

"சாமி கண்ணக் குத்தும்டி."

"அப்ப ஒண்ணு பண்றன். பூ வைக்கற மாதிரி நின்னுக்கிட்டு அந்தத் தட்டை நான் அமுக்கிக்கறன்."

வேறு வழி தெரியாததால் அது நல்ல யோசனையாகப் பட்டது.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு, கரடு என்று நாங்கள் சொல்கிற அந்தச் சின்னக் குன்றின் மேல், கோயிலில் இருந்தோம். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் முடித்தாக வேண்டும். அத்தையும் சரவணனும் எங்களுக்கு முன்னாலேயே வந்து, அர்ச்சனைத் தட்டோடு நின்றார்கள். எங்களுக்கு அடுத்து, கைக்குழந்தைக்கு எடை போட ஒரு குடும்பம் காத்திருந்தது. மற்றபடி வெள்ளிக்கிழமைக் கூட்டம் முப்பது, நாற்பது பேர். அப்பா டெம்போவிலிருந்து வெல்லத்தை இறக்கினார்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். பட்டுப்புடவையை நான் இறுக்கிக் கட்டியிருந்த கட்டில் மூச்சு பாதிதான் உள்ளே போனது.

"பொடவையில கொஞ்சம் பூசுனாப்புல தெரியுது" என்றார் அம்மாவிடம். "பட்டுன்னா அப்பிடித்தான்."

பூசாரி கற்பூரம் காட்டிவிட்டு, "உக்காரும்மா. உக்காந்துட்டா சமமாவற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது, தெரியுமில்ல?" என்றார்.

தெரியும் என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன். சங்கிலி ஒரு முறை முனகியது. எதிர்த்தட்டு விர்ரென்று மேலே போய், அங்கேயே நின்றது.

வெல்லத்தை அடுக்க ஆரம்பித்தார்கள். முதல் சிப்பம், முப்பது கிலோ. தட்டு அசையவில்லை, அது நியாயம். இரண்டாவது சிப்பம், அறுபது. அசையவில்லை. அம்மா சிரித்த முகமாகக் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். பிறகு உதிரி உருண்டைகள். அறுபத்தைந்து. அப்பா ஒவ்வொன்றாக வைத்தார். அறுபத்தெட்டு. இந்த இடத்தில் என் தட்டு லேசாக ஆடவாவது வேண்டும் என்று எல்லோரும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார்கள். எழுபது. கடைசி உருண்டையையும் வைத்துவிட்டு அப்பா கையைத் துடைத்துக்கொண்டார்.

நான் தரையில் இருந்தேன். வேரோடி இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ரேவதி பூவோடு போனாள். செவ்வந்திச் சரத்தை வெல்லத்தின் மேல் வைக்கிற சாக்கில் தட்டின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றினாள். அவள் முகம் சிவந்து, குதிகால் தரையை விட்டு மேலே வந்துவிட்டது. தட்டு நான்கு விரற்கடை இறங்கியது.

"கைய எடும்மா" என்றார் பூசாரி.

"பூ வெக்கறங்க."

"பூ வெக்கறதுக்கு எதுக்குத் தொங்கற? எடு கைய."

எடுத்தாள். தட்டு பழையபடி மேலே போனது. கூட்டத்தில் யாரோ சிரித்து அடக்கினார்கள். மணி பத்து ஆகப் பத்து நிமிடம். அம்மாவின் கூப்பிய கை மெல்லப் பிரிந்தது.

அப்போதுதான் அத்தை பேசினார். எனக்கு உதவி செய்யத்தான் பேசினார்.

"பூசாரிங்களே, தராசுல கோளாறு இருக்குதுங்க."

"இல்லீங்களேம்மா. இருவது வருசமாப் போடறன், ஒரு குத்தம் சொன்னதில்ல."

"இந்தப் புள்ள எழுவது கிலோ. நான் கண்ணால பாத்துட்டுத்தான் வந்திருக்கறன்." அவர் போனைத் திறந்து, கடைசி ஞாயிற்றுக்கிழமைப் போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினார். "இத பாருங்க."

போன் கை மாறியது. ஒவ்வொருவரும் படத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், தராசைப் பார்த்தார்கள். படம் எழுபது என்றது. மெஷின் பொய் சொல்லாது என்று ஒருவர் சொன்னார். கைக்குழந்தை வைத்திருந்த பெண், "போன வருசம் எங்க பெரியவனுக்குப் போட்டப்பகூட மூணு கிலோ சேத்தித்தான் வாங்குனாங்க. நாங்க சாமி கேக்குதுன்னு நெனச்சுக்கிட்டம்" என்றாள். பின்னாலிருந்து ஒரு குரல், "சாமி கேக்குதா, சாமிக்குப் பக்கத்துல நிக்கறவரு கேக்கறாரா" என்றது.

பூசாரியின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தராசுச் சங்கிலியைப் பிடித்த கையை எடுக்கவும் இல்லை. அந்தக் கோயிலில் அவர் பிழைப்பே அந்தத் தராசுதான். இன்று சாயங்காலத்துக்குள் இந்தப் பேச்சு கரட்டை விட்டு இறங்கிப் பாப்பாரப்பட்டி முழுக்கப் போய்விடும்.

எனக்கு வழி பிறந்திருந்தது. நான் வாயே திறக்க வேண்டியதில்லை. தராசு கெட்டது, பூசாரி கெட்டவர், நான் எழுபது கிலோ. கல்யாணம் நடக்கும். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்தும் இருந்தேன். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"தராசு சரியாத்தாங்க இருக்குது" என்றேன்.

குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். "தராசு மேல தப்பில்ல. என் எடை தொண்ணூறு. போட்டோவெல்லாம் நான் பொய்யா அனுப்புனது அத்த."

அத்தை போனைத் திருப்பி வாங்கினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"அப்ப இந்தக் காலு யாருது?"

கோயில் என்பதால் எல்லோரும் வெறுங்காலில் நின்றோம். ரேவதி மெதுவாகத் தன் பாதங்களைச் சுடிதாருக்குள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அதற்குள் நாற்பது பேரும் அவள் காலைப் பார்த்துவிட்டார்கள்.

"அது ரேவதி காலும்மா" என்றார் சரவணன். அன்று அவர் பேசிய முதல் பேச்சு.

அத்தை அவரிடம் திரும்பினார். "கொழுந்தியா காலு உனக்கு எப்பிடிடா தெரியும்?"

"ரேவதி காலுன்னு இப்பத்தான் தெரியுது. இவங்க காலு இல்லன்னு மொதல் வாரமே தெரியும். பொண்ணு பாக்கப் போனப்ப நான் தல நிமிரவே இல்லியே. முக்கா மணி நேரம் இவங்க காலத்தான் பாத்துக்கிட்டு இருந்தன்."

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?"

சரவணன் கழுத்தைச் சொறிந்தார். "சொன்னா நிறுத்திருவ. எனக்கு இவங்கதாம்மா வேணும். எத்தன கிலோன்னு நான் கேக்கலியே."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அம்மா ரேவதியிடம் போய், "அவ்ளோ எடைக்கு என்னத்தடி தூக்குன?" என்றாள்.

"அரிசி மூட்டைம்மா."

"அதான் டிரம்முல அரிசி கொறையவே மாட்டேங்குதேன்னு பாத்தன்" என்றாள் அம்மா. எல்லாம் இடிந்து விழுகிற நேரத்தில் அவளுக்குத் தெளிந்த சந்தேகம் அது.

அப்பா மட்டும் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "தொண்ணூறா? சரியாச் சொல்லு, இன்னொருக்கா ஓட முடியாது" என்றார். தொண்ணூறுதான் என்றேன். டெம்போக்காரர் போய்விட்டிருந்தார். அப்பா யாரோ ஒருவருடைய மொபெட்டை வாங்கிக்கொண்டு கீழே போனார். மணி பத்து.

அந்த அரை மணி நேரத்தைப் போல நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை. எழுந்திருக்கக் கூடாது. வேண்டுதல் பாதியில் நின்றால் கல்யாணத்துக்கு ஆகாது என்று பூசாரி சொல்லிவிட்டார். ராகு காலம் வந்துவிட்டாலும் ஆகாது. அத்தை தூணோரம் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அந்த முதுகிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. கோயிலுக்கு வந்த கூட்டம் சாமியைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போனது. இரண்டு நாள் பட்டினி, கண்ணுக்கு நேரே எழுபது கிலோ வெல்லம். பூசாரி பாவப்பட்டு ஒரு வாழைப்பழம் நீட்டினார். ரேவதி பாய்ந்து, "குடுக்காதீங்க, எடை ஏறிரும்" என்று பிடுங்கிக்கொண்டாள்.

கல்யாணம் போய்விடும் என்று பயமாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் உட்கார்ந்திருந்த கொஞ்ச நேரத்தில் வேறொன்றும் தெரிந்தது. நான் வயிற்றை எக்கிப் பிடிக்கவில்லை. பதினான்கு வாரமாக, யார் எதிரில் வந்தாலும் எக்கிப் பிடித்த வயிறு. இப்போது இழுத்துப் பிடித்து யாரை ஏமாற்ற? புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு ஒரு முழு மூச்சு விட்டேன். அத்தனை பேர் முன்னால், தராசுத் தட்டில், நான் இருக்கிற எடைக்கு உட்கார்ந்திருந்தேன். எனக்கு என்னைப் பிடித்திருந்தது. கல்யாணம் நின்றாலும் இந்த உடம்போடுதான் வீட்டுக்குப் போகப் போகிறேன், அதற்கு என்மேல் ஒரு கோபமும் இல்லை.

பத்து இருபதுக்கு மொபெட் சத்தம் கேட்டது. கடைகளில் கிடைக்காமல் அப்பா நேராகக் கரும்பாலைக் கொட்டாய்க்கே போயிருக்கிறார். அப்போதுதான் உருட்டிய வெல்லம், இருபது கிலோ, சாக்கைத் தொட்டால் சுட்டது. உருண்டைகள் இறுகாமல் அப்பாவின் சட்டையெல்லாம் ஒட்டியிருந்தன. கோயில் முழுக்கப் பாகு வாசம். எண்பது வைத்தபோது என் தட்டு முதல் முறையாக அசைந்தது. எண்பத்தெட்டில் ஆடியது. தொண்ணூறும் வைத்தாகிவிட்டது, நான் தரையில் உரசிக்கொண்டுதான் இருந்தேன், எழும்பவில்லை. பட்டுப்புடவையையும் நகையையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. மணி பத்து இருபத்தேழு.

அப்பா காலிச் சாக்கை உதறிப் பார்த்தார். அம்மா அழ ஆரம்பித்தாள்.

தூணோரத்திலிருந்து அத்தை வந்தார். அவர் கையில் அர்ச்சனைத் தட்டு. மகன் பெயருக்கு அர்ச்சனை செய்யக் கொண்டுவந்த தேங்காய், பழம், ஓரத்தில் இரண்டு பெரிய உருண்டை வெல்லம். ஒன்றை எடுத்து வைத்தார். நான் எழும்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு இரண்டாவதையும் வைத்தார்.

தரை என்னை விட்டது. இரண்டு விரற்கடை, அதற்கு மேல் இல்லை. பூசாரி மணியை அடி அடியென்று அடித்தார். அவருக்கு என்னைவிடச் சந்தோஷம்.

இறங்கி, அத்தை காலில் விழுந்தேன். எழுப்பிவிட்டார். சிரிக்கவில்லை.

"அந்தப் பூசாரி மேல பழி போறப்ப வாய் தொறந்த பாரு, அதுக்காவத்தான் அந்த வெல்லத்த வெச்சன்" என்றார். "இனிமே நான் உன்ன எடை கேக்க மாட்டன். நீயும் சொல்ல வேணாம். அந்த மெஷினத் திருப்பிக் குடுத்துரு. எங்க வூட்டுல வெங்காயம் போட ஆவும்."

கல்யாணம் நடந்தது. மேடையில் பார்த்தவர்கள் பேசத்தான் பேசினார்கள். மெஷினில் இன்றும் வெங்காயம்தான் நிறுக்கிறோம். மூட்டை அரிசி வாங்கி வந்தால், "இது சமைக்கவா, போட்டோவுக்கா?" என்று கேட்காமல் சரவணன் உள்ளே இறக்க மாட்டார். ரேவதியின் கால்விரல்கள் சொந்தக்காரர்கள் மத்தியில் ரொம்பப் பிரபலம்.

ஆனால் எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்லிச் சிரிப்பது இதையெல்லாம் அல்ல. இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு டெங்கு வந்து பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். எழுந்தபோது நிஜமாகவே பதினோரு கிலோ காணோம். பார்க்க வந்த உறவுக்காரம்மா ஒருவர், கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிற என்னைப் பார்த்து, "அட, எளச்சு அம்சமா ஆயிட்டியே. இப்பிடியே வச்சுக்க" என்றார். அத்தை அவர் கொண்டுவந்த பழப்பையை அவர் கையிலேயே கொடுத்து, "நீங்க கெளம்புங்க" என்றார். அன்றே எனக்காக வேண்டிக்கொண்டார், அதே கோயிலுக்கு, எடைக்கு எடை வெல்லம்.

நான் தேறி வந்ததும் போய்விடலாம் என்றேன். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "இந்த எடைக்குப் போட்டா சாமிய ஏமாத்தறது மாதிரி. பழைய ஆளா வா, அப்பறம் போலாம்" என்றார். அந்த ஐந்து மாதம் அவர் சமைத்ததை எல்லாம் எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கரட்டுக்குப் போனோம். இந்த முறை வெல்லம் வாங்கியது அத்தை. குறைந்துவிடக் கூடாது என்று நூறு கிலோ சொல்லியிருந்தார். நான் உட்கார்ந்தேன், அடுக்கினார்கள். எல்லாவற்றையும் வைத்து முடிப்பதற்குள் வெல்லத் தட்டு தடாலென்று தரையைத் தொட, நான் அந்தரத்தில் போய்த் தொங்கினேன். இந்தப் பிறவியில் என்னை யாரும் அவ்வளவு சுலபமாகத் தூக்கியதில்லை.

கீழேயிருந்து அத்தை அண்ணாந்து பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு வருத்தம்.

"நான் கண்ணு மறைஞ்ச நேரத்துல நீ சரியாச் சாப்புடறதே இல்லன்னு தெரியுது" என்றார்.